மச்சானுக்குக் கொடுத்த ரிங்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும், மன்னியுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வாயால் சொல்லலாமென்றால், நாலு பேரைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மகள் கண்டியில் கம்பஸில் கொம்பியூட்டர் படித்தாள். கடைசி வருடத்தில் மூன்று பழைய கொம்பியூட்டர்களைச் சேர்த்து ஒரே வேலையைச் செய்ய வைத்தாள். ஒன்று அவளிடம், ஒன்று மாத்தளையில் எங்கள் வீட்டில், ஒன்று மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் என் மச்சான் வீட்டில்.

“ஒன்னு செத்தாலும் மத்த ரெண்டும் பேசி வேலைய நடத்தும்ப்பா. தனியா ஒன்னு மட்டும் மிஞ்சினா, அது எந்த முடிவும் எடுக்காது. அப்படியே நின்னுரும்.”

(அதுவும் என்னைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.)

இதைப் பரீட்சையில், படிப்பிக்கிற சேர்மாருக்குக் காட்ட வேண்டும்.

“நான் மிஸ் கோல் குடுத்ததும் நம்ம வீட்டு பிளக்கைப் புடுங்குங்க. அவ்வளவுதான்ப்பா உங்க வேலை.”

பரீட்சையன்று காலை பிளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளையின் படிப்பை என் கையாலேயே பிடுங்குவதா? மச்சானை அழைத்தேன்.

“பயமா இருக்கு மச்சான். நான் ரிங் குடுக்கிறேன், நீங்க உங்க வீட்டுல புடுங்கிருங்க.”

“எதைப் புடுங்கினா என்ன, ஒன்னு போனா சரிதானே? இதுக்குப் போயி அழுவுறீங்க!”

மிஸ் கோல் வந்தது. மச்சானுக்கு ரிங் கொடுத்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் கொடுத்தேன். பதிலில்லை. அவர் வீடு மெயின் ரோட்டில். லொறி போனால் சாமி கூப்பிட்டாலும் கேட்காது. அங்கே மகள் சேர்மார் முன்னால் காத்து நிற்கிறாள். முத்துமாரியம்மாவை நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கினேன்.

ஆனால் மச்சானுக்குக் கேட்டிருந்தது, பிறகுதான் எனக்குத் தெரியும். பிளக் கட்டிலுக்குப் பின்னால். அதைப் பிடுங்கத் தவழ்ந்துகொண்டிருந்ததால்தான் போனை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மகள் அழைத்தாள்.

“புடுங்கிட்டேன்மா!” என்றேன், பெருமையாக.

“மாமாவும் புடுங்கிட்டாரு. ஏம்ப்பா?”

அவளிடமிருந்த கொம்பியூட்டர், அவள் சொன்னபடியே, தனியாக அப்படியே நின்றுவிட்டது. மறுபடி எல்லாவற்றையும் எழுப்புவதற்குள் அவளுடைய நேரம் முடிந்துபோனது. அந்தப் பாடத்தை அடுத்த வருடம் திரும்பச் செய்தாள். பட்டமளிப்புப் படத்தில், தன்னோடு படித்த ஒருவரும் இல்லாமல், இளையவர்கள் நடுவில் நிற்கிறாள். அந்தப் படம் எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே தொங்குகிறது.

இப்போதும் சமையலறைப் பக்கம் நான் போனால் மனைவி சத்தம் போடுவாள்: “உப்பு போட்டாச்சு! மச்சானுக்கு ரிங் குடுத்துறாதீங்க!”

எல்லோரும் சிரிப்பார்கள். மகளும் சிரிப்பாள், கொஞ்சம் பிந்தி.

மாட்டுப்பொங்கலன்று எழுதியது.