புறோக்கர் வேசத்திலை பொம்பிளை வீட்டுக்குப் போன கதை

அண்டைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். மானிப்பாயிலை இருந்து வட்டுக்கோட்டைக்குச் சைக்கிளிலை போய், றேடியோ நாடக ரசிகர்மாரின்ரை ஒன்றுகூடலிலை கலந்துகொள்ளுறது.

சண்டை நடந்த அந்த நாளையிலை கரண்டும் இல்லை, றேடியோவுக்குப் பற்றறியும் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையாலை சுத்தி, டைனமோவிலை றேடியோவைப் போட்டுத்தான் நாடகம் கேப்பம். சிரிப்பு வாற இடத்திலை சுத்துறவனும் சிரிச்சுப்போட்டால் றேடியோ படுத்திடும். பிறகு எல்லாரும் சேந்து அவனுக்கு ஏச்சு. அப்பிடிக் கஷ்டப்பட்டுக் கேட்ட நாடகம் எண்டபடியாலை எங்களுக்கு அதிலை ஒரு விசர், பைத்தியம் மாதிரி.

ஒன்றுகூடலுக்கு எல்லாரும் நாடகத்திலை வாற ஆரேன் ஒருத்தரின்ரை வேசத்திலை வரவேணுமாம். திறமான வேசத்துக்குப் பரிசும் இருக்காம். நான் முன்னைபின்னை வேசம் போட்டவன் இல்லை. யோசிச்சுப் பாத்து, நாடகத்திலை வாற கலியாணப் புறோக்கராப் போறதெண்டு முடிவெடுத்தன்.

வேட்டி, சால்வை, குடை, கக்கத்துக்குள்ளை ஒரு தோல் பை. தலையை நரைக்க வைக்கப் பவுடர் கிடைக்கேல்லை, திருநீறைக் கொட்டினன். மீசைக்கு எங்கடை வெள்ளை ஆட்டின்ரை வாலிலை கொஞ்சம் நறுக்கி, சோத்துப் பருக்கையாலை ஒட்டினன். அந்த ஆடு பிறகு கனநாளா என்னைக் கிட்ட வர விடேல்லை.

அம்மாவுக்குப் பெரிய கவலை. "வட்டுக்கோட்டைப் பக்கம் உனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறம். உந்தக் கோலத்தை ஆரும் கண்டால் உனக்கு ஆர் பொம்பிளை தருவினம்?"

அம்மா சொன்னதிலை பிழையில்லை. சாதகம் பொருந்தி, பொம்பிளையின்ரை படமும் வந்திட்டுது. படத்தைப் பாத்த நாள் தொடக்கம், இந்தச் சம்பந்தம் மட்டும் குழம்பக்கூடாது எண்டு நான் போகாத கோயில் இல்லை. எண்டாலும், இந்த வேசத்திலை என்னை ஆருக்கம்மா தெரியப்போகுது எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிட்டன்.

அதுதான் வினையாப் போச்சு. ஒருத்தருக்கும் என்னைத் தெரியேல்லை.

வட்டுக்கோட்டைக்குக் கிட்டப் போகேக்கை பின்சில்லுக்குக் காத்துப் போச்சு. ஒரு ஒழுங்கைக்குள்ளாலை உருட்டிக்கொண்டு போறன். ஒரு வீட்டுப் படலையிலை நிண்ட ஐயா என்னை மேலையும் கீழையும் பாத்தார். மனிசன்ரை முகம் மலர்ந்து போச்சு.

"புறோக்கரோ? என்ரை மச்சான் சொல்லி அனுப்பினவர் நீங்கள்தானே? ஆளை இண்டைக்குத்தான் காணுறன். காலமை தொடக்கம் பாத்துக்கொண்டு நிக்கிறம்" எண்டார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். மனம் விடேல்லை. முதல்முதல் போட்ட வேசம், முதல் கண்ட மனிசனே நம்பீட்டார்! எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்குது எண்டு பாப்பமே எண்டு, "ஓம் ஐயா, நான்தான்" எண்டன். குரலையும் றேடியோ புறோக்கர் மாதிரி மூக்காலை விட்டன்.

ஐயா கதிரை போட்டு இருத்தினார். சைக்கிளைப் பாத்திட்டு, உந்த ஓட்டையை நானே ஒட்டித் தாறன் எண்டு ரியூப்பை வெளியிலை இழுத்தார். இனி நான் நினைச்சாலும் ஓடேலாது.

ரியூப்பைத் தண்ணிச் சட்டிக்குள்ளை அமத்தி ஓட்டை தேடிக்கொண்டே, மாப்பிளையின்ரை படம் கொண்டு வந்தனீங்களோ எண்டு கேட்டார். படம் பின்னாலை வருகுது எண்டன்.

பெடியன் என்ன மாதிரி எண்டார். பெடியன் தங்கம் எண்டன். நாடகத்திலை புறோக்கர் எல்லாப் பெடியளையும் அப்பிடித்தான் சொல்லுறவர். குடிவகை ஏதுமோ எண்டார். போத்திலைக் கண்டாலே தலை சுத்துற பெடியன் எண்டன். சுருட்டு? சுருட்டுக் கடைப் பக்கத்தாலை போகேக்கை மூச்சை அடக்கிக்கொண்டுதான் போவான். ஆர் எண்டே தெரியாத ஒருத்தனை வானத்துக்குத் தூக்கிக்கொண்டிருக்கிறன், எனக்குச் சந்தோசமெண்டால் சொல்லேலாது.

அப்பதான் உள்ளுக்கை இருந்து அந்த வீட்டுப் பிள்ளை தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுவந்து நீட்டினா.

படத்திலை பாத்த அதே முகம்.

வட்டுக்கோட்டையிலை எத்தினை வீடு, எத்தினை ஒழுங்கை! இவ்வளவு நேரமும் நான் புளுகினது என்னைப் பற்றித்தான்.

ஐயா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரியூப்பை உரஞ்சிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரி. ஆனால் ஒண்டு கேள்விப்பட்டனாங்கள். அந்த மானிப்பாய்ப் பெடியனுக்கு றேடியோ நாடக விசராம். நாளைக்கு வேசத்தைப் போட்டுக்கொண்டு றோட்டிலை திரிஞ்சானெண்டால் என்ரை பிள்ளையின்ரை கதி என்ன? அது உண்மையெண்டால் இந்தப் பேச்சை இதோடை விடுவம். மறைக்காமல் சொல்லுங்கோ."

எனக்கு வேர்த்து ஒழுகிச்சுது. ஆவி பறக்கிற தேத்தண்ணியை முகத்துக்கு நேரை பிடிச்சு, ஒரு முடறு குடிச்சுப்போட்டுச் சொன்னன்.

"வேசமோ? அந்தப் பெடியனுக்கு வேசமெண்டாலே கண்ணிலை காட்டேலாது ஐயா."

சொல்லி வாய் மூடேல்லை, சோறு இளகி, மீசை தேத்தண்ணிக்குள்ளை விழுந்துது.

முதல் கண்டது அந்தப் பிள்ளைதான். தேத்தண்ணியைப் பாத்தா, என்னைப் பாத்தா, சீலைத் தலைப்பாலை வாயைப் பொத்தினா. நான் இரண்டு விரலாலை மீசையை எடுத்து, என்ன செய்யிறதெண்டு தெரியாமல் தோல் பைக்குள்ளை வைச்சன். தலையிலை இருந்து திருநீறு கரைஞ்சு கண்ணுக்குள்ளை வழியுது. ஐயா திரும்பினார்.

"ஆர் நீர்?"

"படம் வரேல்லை ஐயா. மாப்பிளைதான் வந்திருக்கிறன்."

ஐயா மிச்ச வேலையை முடிச்சார். ரியூப்பை உள்ளுக்குத் தள்ளி, காத்தும் அடிச்சு, சைக்கிளைப் படலை வரைக்கும் தானே உருட்டிக்கொண்டு வந்து விட்டார். அவ்வளவு மரியாதையா என்னை ஒருத்தரும் கலைச்சு விரட்டினதில்லை.

வழியெல்லாம் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துது. எத்தினை நாள் ஆசை! பொம்பிளை போச்சு, போட்டியாவது மிஞ்சட்டும் எண்டு ஊண்டி மிதிச்சன்.

மண்டபத்துக்குள்ளை போறன், முதல் பரிசு குடுத்துக்கொண்டு நிக்கினம். வாங்கினவரும் ஒரு புறோக்கர். வேட்டியிலை வெத்திலைக் கறை, குடையிலை ஒரு கம்பி வெளியிலை. என்ன வேசமடா எண்டு கிட்டப் போய்ப் பாத்தால், எங்கடை வீட்டுக்கு வாற அசல் புறோக்கர்!

பொம்பிளையின்ரை மாமன் சொல்லி, அந்த வீட்டுக்கு என்ரை படத்தோடை வெளிக்கிட்டவர்தான். சனக்கூட்டத்தைக் கண்டதும், இரண்டு மாப்பிளை பிடிக்கலாமெண்டு உள்ளுக்கை எட்டிப் பாத்திருக்கிறார். பிடிச்சு மேடையிலை ஏத்திப்போட்டினம். நான் உண்மையாவே புறோக்கர் எண்டு மனிசன் சொல்லச் சொல்ல, றேடியோ புறோக்கரும் இதைத்தானே சொல்லுறவர் எண்டு சனம் விழுந்து விழுந்து சிரிச்சதாம். என்னைப் பாத்த நடுவர், "தம்பி, உமக்கு உந்த வேசம் இயற்கையா வரேல்லை" எண்டு முதுகிலை தட்டினார்.

புறோக்கரை ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னன். தலையிலை கை வைச்சார். பிறகு, தொழிலெண்டால் இதெல்லாம் இருக்கும்தானே எண்டு, குடையை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு நடந்தார்.

அடுத்தநாள் மறுமொழியோடை வந்தார்.

"தகப்பனுக்கு விருப்பமில்லை. ஆனால் பிள்ளை நீர்தான் வேணுமெண்டு ஒற்றைக் காலிலை நிக்குது."

என்னாலை நம்பேலாமல் கிடந்துது. ஏனாம் எண்டு கேட்டன்.

"மற்ற மாப்பிளையள் கலியாணத்துக்குப் பிறகுதானாம் வேசத்தைக் கழட்டுறவை. உவர் கலியாணப் பேச்சிலையே கழட்டிப்போட்டாராம்."