பிறவாத பிள்ளைக்கு எடை போட்ட படலம்

வாழி! கட்டி வந்த பொதியைக் கண்ட மாத்திரத்தில் கிலோவும் கிராமுமாகப் பிரித்துரைக்கும் கண்ணினன், கையில் ஏந்திய பெட்டியின் பாரத்தைத் தராசுக்கு முன்பே சொல்லிவிடும் கையினன், 'ஏறக்குறைய' என்னும் இழிசொல்லை வாழ்நாளில் ஒருபோதும் நாவால் தீண்டாத நெறியினன், பார்சல் அலுவலகத்து எடைமேடையைத் தனியொருவனாய் ஆளும் எடைக்கார வேந்தன் வாழி! சொல்லின் தலைவியே, என் நாவில் வந்தமர்க. அவன் தன் மனையாளின் வயிற்றிலிருந்த மகவுக்கு எடை கூறப் புகுந்து பட்ட பாட்டை ஒரு சொல்லும் குறையாமல் பாட அருள்க.

போருக்கு வித்திட்டது ஸ்கேன் அறை. நிறைமாதத் தலைவி மல்லாந்து கிடக்க, அவள் வயிற்றில் குளிர்ந்த பசையைப் பூசி, கருவியைப் படைக்கலமென ஓச்சி, திரையில் தோன்றிய தலையின் சுற்றையும் வயிற்றின் சுற்றையும் தொடையெலும்பின் நீளத்தையும் புள்ளி வைத்து அளந்த டாக்டரம்மா, இவ்வாறு திருவாய் மலர்ந்தருளினார்.

"மூணு கிலோ தொள்ளாயிரம். கூடக்குறைய இருக்கும். நாலைத் தாண்டுற மாதிரி இருந்தா ஆபரேஷன் பத்தி யோசிக்கணும்."

ஊசியைக் கண்டாலே கண்ணை இறுக மூடிக்கொள்ளும் தலைவி, கத்தியை நினைத்துக் கட்டிலின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். தலைவன் செவியிலோ 'கூடக்குறைய' மட்டுமே விழுந்தது. எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று அவன் வினவ, "அரைக் கிலோ இப்படி அப்படி போகும்" என்று டாக்டரம்மா கை துடைத்தபடியே சொன்ன அக்கணத்தில் அவன் மீசை துடித்தது, புயம் விம்மியது, வாசலில் கிடந்த ரப்பர் செருப்புகள் நடுநடுங்கின.

"அரைக் கிலோவா? எங்க ஆபீஸ்ல அம்பது கிராம் தப்பினாலே கஸ்டமர் சட்டையப் பிடிப்பான். நான் சொல்றேன் டாக்டர், சரியா சொல்றேன்!"

மறுநாள் விடுமுறை. ஆளரவமற்ற பார்சல் அலுவலகத்தின் பூட்டைத் திறந்து, பிளாஸ்டிக் கயிறும் அட்டைத்தூளும் மணக்கும் அந்தப் போர்க்களத்துக்குத் தலைவியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். அவன் வகுத்த வியூகம் எளியது. பெட்டியோடு நிறுத்து, காலிப் பெட்டியின் எடையைக் கழித்தால், மிஞ்சுவது சரக்கின் எடை. இதில் பெட்டி யார் என்பது தலைவிக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது.

"நான் பெட்டியா?"

"பேச்சுக்குச் சொல்றேம்மா. ஏறு."

ஏறினாள். செருப்பைக் கழற்றச் செய்தான். கைப்பையைப் பிடுங்கித் தரையில் வைத்தான். மூச்சுவிட வேண்டாம் என ஆணையிட்டான். பின்னர், திருமணத்துக்கு முன் அவள் தன் வாயால் கூறியதும், அன்றுமுதல் அவன் வேதவாக்காய்ப் போற்றி வந்ததுமான அவளது எடையைக் கழித்தான். விடை பதினாறு கிலோ.

பதினாறு கிலோ மகவு! தொட்டில் தாங்குமா, தோள் தாங்குமா என்று உள்ளம் பதைத்தவன், தராசின் நான்கு மூலைகளையும் தட்டினான். படிக்கல் ஏற்றிச் சோதித்தான். அவளை மீண்டும் ஏற்றினான். தராசு நெறி பிறழவில்லை. அப்போது மேடைமீது நின்றவள் தன் கால்விரல்களை நோக்கியபடி மொழிந்தாள்.

"ஏங்க, அன்னிக்கு நான் சொன்னது அஞ்சு கிலோ கம்மிங்க."

ஐம்பது கிராமுக்காக ஊரோடு மல்லுக்கு நின்றவன் வீட்டுக்குள் ஐந்து கிலோ இத்தனை காலம் கணக்கில் வராமல் நடமாடியிருக்கிறது! மாவீரன் ஒரு மூட்டையின்மேல் அமர்ந்துவிட்டான். அதைக் கழித்தும் பதினொன்று எஞ்ச, அந்தப் பதினொன்றை ஏந்திக்கொண்டு மீண்டும் டாக்டரம்மாவின் சந்நிதியை அடைந்தான்.

"தண்ணி, நஞ்சுக்கொடி, ரத்தம், இவங்க உடம்புல ஏறின சதை, எல்லாத்தையும் குழந்தை தலையிலயே கட்டிட்டீங்களா? வலி வரட்டும். நார்மலுக்கே முயற்சி பண்ணுவோம்."

தோற்றவன் துவளவில்லை. வயிற்றைச் சுற்றளக்க அங்குல நாடா வாங்கவேண்டுமென்று மருத்துவமனைத் தாழ்வாரத்திலேயே அவன் புதுப்போருக்கு ஆயத்தமாக, தலைவி அவன் கையைப் பற்றி நிறுத்தினாள்.

"எனக்கு எடை வேண்டாங்க. பயமா இருக்கு. பிரசவத்தன்னிக்கு உள்ள கூட வருவீங்களா, அத மட்டும் சொல்லுங்க."

"வர்றேன்."

கூட்டாமல் கழிக்காமல் அவன் சொன்ன முதல் விடை அது.

வலி வந்தது. உள்ளே அவள் புரிந்த போரைப் பாடும் ஆற்றல் இந்நாவுக்கு இல்லை. நம் தலைவனின் பங்கு, தன் வலக்கையை அவளிடம் ஒப்படைத்து விரல்கள் நசுங்க நின்றது மட்டுமே. கத்தி தட்டிலேயே கிடந்தது. அவள் வென்றாள்.

வென்றவளின் மகவைத் துடைத்து எடுத்துக்கொண்டு சிஸ்டர் தராசை நோக்கி நடக்க, "பொறுங்க, நான் சொல்றேன்!" என்று முழங்கி, விழுப்புண் பட்ட அந்தக் கையோடு மறுகையும் சேர்த்து நீட்டி, உலகத்துப் பொதிகளையெல்லாம் ஏந்திய அக்கைகளில் மகவை ஏந்தி, கட்டிலில் தலைவி களைத்த முகத்தோடு புன்னகைக்க, டாக்டரம்மா கையுறையைக் கழற்றவும் மறந்து காத்திருக்க, கண்ணில் திரண்ட நீரைத் தோளில் துடைத்துக்கொண்டு, கிராம் பிசகாத அந்த மாபெரும் தீர்ப்பை உரைக்கத் தலைவன் வாய் திறந்தான்.

குழந்தை ஒன்றுக்குப் போய்விட்டது.