நாற்பது கத்தரிக் கன்றும் ஒரு கொப்பியும்

வெள்ளவத்தை,
14.03.1998

அன்பின் மருமகன் சிவானந்தனுக்கு,

நானும் உமது மாமி இரத்தினம்மாவும் இங்கே உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம். அதில் உமது பங்கு எதுவுமில்லை. அங்கே பனிக்குள் நீரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

நீர் அனுப்பிய நாற்பது கத்தரி விதைகளும் முளைத்தன. யாழ்ப்பாணத்தில் சுற்றிவர எல்லாம் வாடிச் செத்தபோதும் என் தங்கச்சி, அதுதான் கொம்மாவின் வீட்டு வளவில் நிமிர்ந்து நின்ற கத்தரியின் பேரப்பிள்ளைகள் இவை என்றும், வாடல் நோயைத் தாங்கும் பரம்பரை அலகு, அதுதான் ஜீன், எந்தெந்தக் கன்றுக்கு வந்திருக்கிறது என்று கண்டால் நல்ல இனம் உண்டாக்கலாம் என்றும் எழுதியிருந்தீர். நல்ல காரியம். ஆனால் அதைக் காண நோய்க் கிருமியைக் கன்றுக்கு ஊற்றிப் பார்க்க வேண்டுமாம்; அந்தக் கிருமியை உங்கள் நாட்டுக்குள் விடச் சட்டம் இடந்தராதாம், வெள்ளவத்தைக்குள் விடலாமாம். நோய்ப்பட்ட செடியின் தண்டை வெட்டித் தண்ணீரில் வைத்து, பால்போல் வடிந்ததைப் பிள்ளைபோல் வளர்த்த நாற்பது கன்றுக்கும் என் கையாலேயே ஊற்றினேன். அதைப் பார்த்த வீட்டுச் சொந்தக்காரர் மஜீட் நானா, "பென்சன் எடுத்தா மனிசனுக்கு இப்பிடியும் வருமா?" என்று மாமியிடம் கேட்டிருக்கிறார்.

தினமும் கொப்பியில் எழுதச் சொன்னீர், எழுதினேன். நாலாம் இலக்கம் செத்தது, ஏழாம் இலக்கம் செத்தது, ஒன்பது நிற்கிறது. போன மாதம் எங்கள் ஒழுங்கையில் பொலிஸ் சுற்றிவளைப்பு, வீடு வீடாகச் சோதனை. அடையாள அட்டை சரி, பொலிஸ் பதிவு சரி. மேசையில் கிடந்த கொப்பிதான் சரியில்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு சார்ஜன்ட் அதைப் புரட்டினார்.

"பத்து பேர் செத்தது. யார் ஐயா இந்த பத்து பேர்?"

"கத்தரி, சேர்."

"மற்ற முப்பது பேர் எங்க?"

"மொட்டை மாடியில நிக்கினம், சேர்."

நிக்கினம் என்று ஏன் சொன்னேனோ தெரியாது. துவக்குகளோடு நாலு பேர் படியேறினார்கள். மாடியில் முப்பது பேரைக் காணாததால் என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். மாமி அழவில்லை; என் சுவெற்றரையும் பிறசர் குளிசையையும் கொண்டுவந்து கையில் தந்தா. அந்த வெயிலிலும் சுவெற்றரைப் போட்டுக்கொண்டேன்.

பின்னேரம் வரை பொலிஸ் நிலையத்து மர வாங்கில் இருத்தி விசாரித்தார்கள். பரம்பரை அலகைச் சிங்களத்தில் சொல்லத் தெரியாமல், "தகப்பனிட்ட இருந்து பிள்ளைக்கு வாற பலம்" என்று விளக்கினேன். பக்கத்து மேசைக்காரர் அதையும் குறித்துக்கொண்டார். கடைசியில் அந்தச் சார்ஜன்டே என்னை வீட்டுக்குக் கூட்டிவந்து, மாடியேறித் தன் கையால் எண்ணினார். வாடிக்கிடந்த ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

"தம்புள்ளையில எங்க அம்மாட தோட்டமும் இப்பிடித்தான். மூணு வருசமா ஒண்டும் இல்ல." பிறகு மெல்ல, "நிக்கிறதில ரெண்டு தர ஏலுமா?" என்றார்.

ஒரு கன்றும் வெளியே போகக்கூடாது என்பது உமது கட்டளை. என்னை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர். கொடுத்துவிட்டேன்.

இத்தோடு என் விஞ்ஞானம் முடிந்தது. காயவைத்த இலைகளை இலக்கமிட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அலகைக் கண்டுபிடிப்பது உமது பாடு. இனி ஒரு விதைகூட அனுப்ப வேண்டாம். எனக்கு அறுபத்தெட்டு வயது. மிச்சக் காலத்தில் கத்தரிக்காயைக் குழம்பில் மட்டும் சந்திக்க விரும்புகிறேன்.

நீரும் குடும்பமும் எவருடைய கொப்பியிலும் பெயர் விழாமல் நெடுங்காலம் வாழ்க.

இங்ஙனம்,
உமது மாமா,
க. நாகேந்திரம்

பி.கு.: இன்று காலை சார்ஜன்ட் வந்தார். இரண்டு கன்றும் பூத்துவிட்டனவாம். அவருடைய அம்மா அரை ஏக்கர் தருகிறாவாம். அங்கே கிருமி ஊற்றத் தேவையில்லை, மண்ணிலேயே தாராளமாக இருக்கிறது. இருநூறு விதை உடனே அனுப்பும். ஞாயிற்றுக்கிழமை நிலம் பார்க்க நானும் போகிறேன். சார்ஜன்டோடு போவதால் ஒரு செக்பொயின்றிலும் இறங்கத் தேவையில்லை.