ஒன்றரை டன் பொறாமை

எதிர்வீட்டு வாசலில் ஏசிப் பெட்டி இறங்குவதைப் பார்த்ததும் விக்டோரியாவுக்குக் காலை நாஷ்டா தொண்டையிலேயே நின்றுவிட்டது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்காக, நன்கொடையை நம்பி அவள் ஒரு காப்பகம் நடத்திவந்தாள். எதிரே சுகிர்தா நடத்துவதும் அதேபோல் ஒன்றுதான்.

"ஜெரால்டு, நம்மளும் ஏசி போடணும். அவளுத விட பெருசா!"

கணக்குப் பார்க்கும் ஜெரால்ட் பதறினான். "அக்கா, பேங்க்ல இருக்கறது ரிசர்வ் காசு. டொனேஷன் நின்னுட்ச்சின்னா ஆயாம்மாங்களுக்குச் சம்பளம், புள்ளைங்களுக்குச் சோறு எல்லாம் அதுலதான்..."

"நிக்கும்போது பாத்துக்கலாம். கொஞ்சமா எடு."

ஒன்றரை டன் ஏசி வந்தது. போட்ட நிமிடமே ஃபியூஸ் போனது.

"இந்தப் பழைய ஒயரிங் தாங்காதுக்கா," என்றான் எலெக்ட்ரீஷியன் ஷாகிர்.

ஒயரிங்கை மாற்றினார்கள். ஏசி ஓடியது. அறைதான் குளிரவில்லை.

"மேல தகர ஷீட்டுக்கா. சீலிங் போட்டாதான் குளிரும்."

"எதிர்ல போட்டுக்கீறாங்களா?"

"போட்டுக்கீறாங்க."

"அப்ப போடு!"

சீலிங் போட்டபின் அறை நன்றாகவே குளிர்ந்தது. பிள்ளைகளுக்குச் சளி பிடித்தது. தாய்மார்கள் சண்டைக்கு வந்தார்கள். சமாதானத்துக்கு ஆளுக்கொரு கம்பளி வாங்கினாள். கம்பளிக்குள் பிள்ளைகளுக்கு வேர்த்தது. ஏசியை இன்னும் கூட்டினார்கள். கரண்ட் பில்லைக் கட்டி முடித்தபோது ரிசர்வ் துடைத்துவைத்த மாதிரி ஆகிவிட்டது.

ஜெரால்ட் அழாத குறை.

"போனா போவட்டும். அவளுது ஒரு டன்தான?" என்றாள் விக்டோரியா.

மறுநாள் காலை, எதிர்க் காப்பகத்து ஆயா ரோசம்மாள் வாசலில் வந்து நின்றாள். பின்னால் அந்தக் காப்பகத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும், கையில் தட்டோடு.

"இன்னா ரோசம்மா, இவ்ளோ கூட்டம்?"

"எங்க மேடம் காப்பகத்த மூடிட்டாங்கக்கா. இருந்த துட்டெல்லாம் ஏசிலயே பூட்ச்சி. புள்ளைங்கள உங்களாண்ட உட்டுட்டு வரச் சொன்னாங்க."

விக்டோரியாவின் பார்வை தட்டுகளின் மேல் போனது. "என்... என்னாண்டயா? ஏன்?"

"அவங்களுக்கு எப்பவுமே உங்க மேல பொறாமைக்கா. 'நம்ம ஏசி போட்டு இன்னா பிரயோஜனம், விக்டோரியாகிட்டதான ரிசர்வ் இருக்குது'ன்னு சொல்லிச் சொல்லியே மாஞ்சி போனாங்க."