கரிசலில் ஒரு லாரி நிறுத்தம்

காடு உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை என்ன தொழில் தொடங்கினாலும் மண்ணைப் பார்க்கிற கண் மட்டும் மாறாது. மாறியிருந்தால் நான் அந்த லாரி நிறுத்தத்தை ஒழுங்காகக் கட்டியிருப்பேன்.

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே நான்கு வழிச்சாலையை ஒட்டி எங்களுக்குக் கரிசல் காடு இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ஒதுங்க இடமில்லாமல் ரோட்டோரம் நிற்கும். ஓட்டுநர்கள் ஸ்டியரிங் மேலேயே சாய்ந்து தூங்குவார்கள். இவர்களுக்கு ஓர் இடம் கட்டினால் புண்ணியமும் ஆச்சு, வருமானமும் ஆச்சு என்று வீட்டை வங்கியில் அடமானம் வைத்துக் கடன் வாங்கினேன். (கையெழுத்துப் போடும்போது என் மனைவி செல்வி முறைத்த முறைப்பு இருக்கிறதே!)

குளிக்கத் தொட்டி, மின்விசிறியோடு படுக்கைக் கூடம், டைல்ஸ் பதித்த கழிப்பறை எல்லாம் தயார். லாரி நிற்கும் இடத்தில் கிராவல் அடிப்பதுதான் பாக்கி. டிப்பர் வந்ததும் அப்பா குறுக்கே நின்றார்.

"பருத்தி வெளஞ்ச மண்ணுடா. இதுமேல சரளையக் கொட்ட எப்பிடிடா மனசு வருது?"

எனக்கும் வரவில்லை. ஐப்பசி பிறந்தும் மழை இல்லை; கரிசல் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. லாரி தாங்காதா என்ன என்று டிப்பரைத் திருப்பி அனுப்பினேன். (மனிதர்களுக்கு டைல்ஸ், முப்பது டன் லோடுக்கு வெறும் மண். இதுதான் என் திட்டமிடல்.)

திறந்த அன்றே இடம் நிறைந்தது. ஓட்டுநர்கள் குளித்து, சாப்பிட்டு, நிம்மதியாகப் படுத்தார்கள். அன்றைக்கென்று பார்த்து மழை கொட்டித் தீர்த்தது.

காலையில் லாரிகள் அச்சு வரை இறங்கியிருந்தன. தூத்துக்குடி ஓட்டுநர் ஒருவர் தலையில் கை வைத்தார்.

"அண்ணாச்சி, வண்டிய நிறுத்த எடம் குடுப்பியன்னு வந்தா, நட்டு வச்சிட்டியளே! சாயந்தரம் கப்பல்ல ஏத்தணும்!"

அப்பாவோ சக்கரப் பள்ளத்தில் குனிந்து கையை விட்டுக்கொண்டிருந்தார். "முழங்கை ஆழத்துக்கு ஈரம் எறங்கியிருக்குடா!"

எங்கள் பக்கம் மழையைத் திட்ட முடியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. செல்விக்கு இல்லை.

"வீட்டுப் பத்திரமும் அந்தச் சக்கரத்துக்கு அடியிலதான் கெடக்கு. அப்படியே அதையும் எடுத்துத் தரச் சொல்லுங்க."

இழுக்க வந்த டிராக்டரும் மாட்டிக்கொண்டது. கடைசியில் ஜேசிபி வந்து ஒவ்வொரு லாரியாகக் காடு முழுக்க இழுத்துக் கரை சேர்த்தது. கப்பல் போயே போய்விட்டது. நான் வாங்கிய திட்டுகளை இங்கே எழுத முடியாது.

தை மாதம் மண் காய்ந்ததும் செல்வியே டிப்பரை வரவழைத்தாள். அப்பா திருச்சுழியில் ஒரு கல்யாணம் என்று கிளம்பிவிட்டார். லாரிகள் மறுபடி எங்களை நம்பி வர வெகுகாலம் ஆனது. இப்போது இடம் நிறைகிறது, கடனும் அடைந்துகொண்டிருக்கிறது.

ஆனால் ஒவ்வொரு வருஷமும் முதல் மழைக்கு மறுநாள் மல்லாங்கிணற்றிலிருந்து செல்வியின் தம்பி போன் செய்துவிடுவான்.

"மச்சான், ஒழவுக்கு டிராக்டர் கெடைக்கல. ரெண்டு லாரி அனுப்புறீகளா?"

வீட்டில் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போடுவது செல்விதான்.