முதல் சிடியில் நின்ற குதிரை

2009ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று நாற்பது. கிழக்குத் தாம்பரத்தில் கொளுத்தும் வெயில். மரத்தில் ஓர் இலை அசையவில்லை. அந்த நேரத்தில்தான் என் குதிரை பாலத்தின் நடுவில் நின்றுபோனது.

நிஜக் குதிரை அல்ல. டி.வி.யில் ஓடும் வீடியோ கேம் குதிரை. எனக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. (சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். போகப் போக இதைவிட மோசமாகத்தான் இருக்கும்.)

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். வருகிறவர்களுக்கெல்லாம் ஒன்றைத்தான் சொல்லி அனுப்புவேன்: புதுப் பத்திரம் பதிவாகிக் கைக்கு வரும்வரை மூலப் பத்திரத்தைக் கையைவிட்டு விடாதே. இந்த விதியால் பல பேருடைய மனையைக் காப்பாற்றியிருக்கிறேன். என்னைக் கவிழ்த்ததும் அதேதான்.

எங்கள் மாடியில் ஜாபர் என்ற சாஃப்ட்வேர் இளைஞர் குடியிருந்தார். சனிக்கிழமை மாலைகளில் மேலே குளம்பொலி கேட்கும். நடுவில் துப்பாக்கி வெடிக்கும். மூன்று சனிக்கிழமை பொறுத்தேன். நான்காவது சனிக்கிழமை, வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு மாடியேறினேன். அதில் ‘செல்லப் பிராணிகள் கூடாது’ என்று எழுதியிருந்தது.

ஜாபர் கோபப்படவில்லை. “உக்காருங்க சார், நீங்களே ஓட்டிப் பாருங்க” என்று கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் கொடுத்தார். எதையோ மறைக்கத்தான் இவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டே வாங்கினேன். இரண்டு மணி நேரம் கழித்து கோமதி, என் மனைவி, வந்து கூப்பிட வேண்டியிருந்தது.

அந்த விளையாட்டில் ஒரு தேசமே இருந்தது. மலை, ஆறு, சந்தை, ஊர்கள். எந்தப் பக்கம் போனாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். எனக்கு அதுவே சந்தேகமாக இருந்தது. வேலியில்லாத நிலத்தை நான் பார்த்ததே இல்லை. எல்லை தேடியே நாலு நாள் நடந்தேன். பிறகு ஊர் ஊராக மூட்டை சுமந்து, சேர்த்த காசில் நெற்றியில் வெள்ளைப் பொட்டுள்ள ஒரு பழுப்புக் குதிரை வாங்கினேன். சுற்றிலும் ஆட்கள் கொள்ளையடித்துக் கொண்டிருக்க, நான் மட்டும் விளைந்த வயலில் குதிரையை விடாமல் வரப்போடு ஓட்டிப் போவேன். அங்கே மழை பெய்தால் இங்கே தலையைக் குனிந்துகொள்வேன்.

“வாசல்ல தண்ணி லாரி வந்து ஹாரன் அடிக்குது. எழுந்திருக்க மாட்டேங்கறீங்க. அங்க குதிரைக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருக்கீங்க” என்பாள் கோமதி.

தங்கையின் கல்யாணத்துக்காக ஜாபர் ஆம்பூர் புறப்பட்டபோது அந்த விளையாட்டு மெஷினை எங்கள் ஹால் டி.வி.யிலேயே மாட்டிவிட்டுப் போனார். “டப்பாவுல ரெண்டு சிடி இருக்கு சார். கேட்டா மாத்திப் போடுங்க, அவ்ளோதான்.” யாராவது என்னை நம்பிவிட்டால் எனக்கு உடனே அவர்மேல் சந்தேகம் வந்துவிடும். ‘அவ்வளவுதான்’ என்பது குறிப்பாக ஆபத்தான சொல். வில்லங்கமுள்ள மனையை விற்பவர்கள் அதைத்தான் சொல்வார்கள்.

அந்த ஞாயிறு, பாதிப் பாலம் கடந்ததும் திரை கறுத்து, இரண்டாம் சிடியைப் போடச் சொல்லி எழுத்து வந்தது. முதல் சிடியை வெளியே எடுத்தால்தான் இரண்டாவது உள்ளே போகும். இரண்டுக்கும் நடுவே மெஷினில் ஒன்றுமே இருக்காது. அப்போது என் குதிரை எங்கே இருக்கும்? முன்னங்கால் ஒரு சிடியிலும் பின்னங்கால் இன்னொன்றிலுமாகவா? இரண்டாம் சிடியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது.

ஜாபருக்கு போன் போட்டேன்.

“தம்பி, சிடியை எடுத்தா குதிரை என்ன ஆகும்?”

“சார், இங்க நிக்காஹ் நடந்துகிட்டு இருக்கு...”

“நல்லா நடக்கட்டும். குதிரை?”

“ஒண்ணும் ஆகாது சார். மாத்துங்க.”

“அதுக்கு என்ன ஆதாரம்?”

பின்னால் யாரோ “யாருப்பா போன்ல?” என்று கேட்டார்கள். “ஹவுஸ் ஓனர்” என்றார் ஜாபர். இணைப்பு அறுந்தது. பதில் சொல்லாமல் வைத்துவிட்டாரே என்று என் சந்தேகம் இரட்டித்தது. அவர் நேரில் வரும்வரை முதல் சிடியை எடுப்பதில்லை, மெஷினை அணைப்பதுமில்லை என்று முடிவு செய்தேன்.

பன்னிரண்டு மணிக்கு வழக்கமான மின்வெட்டு. ஹால் முழுவதும் இன்வெர்ட்டருக்கு மாறியது. அன்று பார்த்து, கோமதியின் தம்பி சண்முகம் பெருங்களத்தூரிலிருந்து மனைவியோடு சாப்பிட வந்திருந்தான். டி.வி., மெஷின், மின்விசிறி மூன்றையும் சேர்த்துத் தாங்க முடியாமல் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. நான் எழுந்துபோய் மின்விசிறியை அணைத்தேன்.

“என்ன மாமா, குதிரைக்கு இன்வெர்ட்டரு, எங்களுக்கு விசிறி மட்டையா?” என்றான் சண்முகம்.

“கொஞ்ச நேரம்தான்ப்பா.”

“சாம்பார் சூடு வேற. எம் பொண்டாட்டி மயங்கிடப் போறா.”

அவள் ஏற்கெனவே சுவரில் சாய்ந்திருந்தாள். கோமதி அவள் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே என்னைப் பார்த்த பார்வையை நான் நஷ்டக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மெஷினைத் தொட்டேன். தோசைக்கல். உள்ளே குதிரை வெந்துவிடும். (ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.) படுத்திருந்த மெஷினை நிமிர்த்தி ஜன்னலோரம் வைத்தால் காற்றுப் படும். இரண்டு கையாலும் தூக்கி நிமிர்த்தினேன்.

கர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். சோற்றில் கல் கடிபடுமே, அதை ஆயிரம் மடங்கு ஆக்கினால் எப்படியோ அப்படி. திரையில், சிடியைப் படிக்க முடியவில்லை என்று வந்தது. இன்வெர்ட்டர் கடைசியாக ஒருமுறை கத்திவிட்டு ஓய்ந்தது. எல்லாம் இருண்டது. மனைவியை வீட்டுக்கு அழைத்துப்போக சண்முகம் ஆட்டோ பிடிக்கப் போனான்.

புதன்கிழமை ஜாபர் கல்யாண பிரியாணியோடு வந்தார். முதல் சிடியை எடுத்துப் பார்த்தார். காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் சுற்றிலும் ஒரு கீறல்.

“ஓடிட்டு இருக்கும்போது மெஷினைத் திருப்பினீங்களா சார்?”

“திருப்பல. நிமிர்த்தினேன்.”

அவர் இரண்டாம் சிடியைப் போட்டார். பாலம் வந்தது. நடுவில் என் குதிரை வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

“உங்க குதிரை சிடியில இல்ல சார். மெஷின்லயே எழுதி வெச்சிருக்கும். அன்னிக்கே மாத்தியிருந்தா அப்பவே வந்திருக்கும்.”

நெற்றிப் பொட்டைச் சரிபார்த்தேன். குதிரையின் சேணப் பையில் இருந்த ஆப்பிள்களை எண்ணினேன். பதினேழு. எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் நான் நடந்து நடந்து அறிந்த ஊர்கள் எல்லாம் அந்தக் கீறலோடு போய்விட்டன. யாருமே எடுக்க வராததை, நான் காவல் காத்து ஒழித்தேன்.

ஒற்றை சிடியைக் கடையில் தரமாட்டார்கள் என்பதால் முழு செட்டாகவே புதிதாக வாங்கிக் கொடுத்தேன். ஜாபர் வேண்டாம் என்றார். பதிலுக்கு வாடகையைக் குறைக்கச் சொல்வாரோ என்று பயந்து செட்டைக் கையில் திணித்தேன். கடைசிவரை அவர் குறைக்கச் சொல்லவே இல்லை.

இன்றைக்கும் நான் பஸ் மாறத் தயங்கினாலும், புதுச் சட்டைக்கு மாறத் தயங்கினாலும் சண்முகம் விடுவதில்லை. “மாமா, குதிரை என்ன ஆகும்?” அவன் பேரன்கூடக் கேட்கிறான், அவனுக்கு அர்த்தம் தெரியாது, தொனி மட்டும் கச்சிதம்.

புது சிடி செட், செத்துப்போன இன்வெர்ட்டருக்கு பேட்டரி, சண்முகத்தின் ஆட்டோ, ஆம்பூர் போன்: ஆக மொத்தம் ஒன்பதாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.