படிக்கல்லாரின் மோப்பப் பெட்டி

சிவப்பு விளக்கு எரிந்தது. தொள்ளாயிரத்து நாற்பது.

படிக்கல்லார் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார். சோப்புப் பெட்டி அளவே இருந்த அந்த வெள்ளைச் சாமான், தட்டியதற்குக் கோபித்துக்கொண்டதுபோல் தொள்ளாயிரத்து அறுபதுக்குப் போனது.

“என்னங்க சொல்லுது?” என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

“நாம ரெண்டு பேரும் இன்னும் உயிரோட இருக்கறதை நம்ப முடியலையாம்.”

பெட்டியை அனுப்பியவள் மகள். அவளுடைய நான்கு மாதக் குழந்தைக்குப் போன மாதம் மூச்சு இழுத்தது. புதுப் பெயிண்ட், வார்னிஷ், பசை, பூச்சி மருந்து இவை கசியும் வீட்டில் குழந்தையை வைத்துக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் எதையும் வாய்வார்த்தையாக நம்புகிறவள் அல்ல. அது அப்பன் வழி வந்த குணம். காற்றை மோந்து எண் சொல்லும் பெட்டி இரண்டு வாங்கி, ஒன்றைப் பிறந்த வீட்டுக்கும் ஒன்றைப் புகுந்த வீட்டுக்கும் அனுப்பினாள். முந்நூறுக்குக் கீழே பச்சை. தன் வீட்டுப் பெயிண்ட் வாசனை அடங்கும்வரை, பச்சை எரிகிற வீட்டில் ஒரு மாதம் தங்குவாள். சிவப்பு எரிந்தால் வாசற்படி ஏறமாட்டாள்.

பத்தே நிமிடத்தில் சம்பந்தியிடமிருந்து படம் வந்தது. நூற்றிருபது, பச்சை. படத்தின் ஓரத்தில் ஓர் ஒட்டடை தொங்கியது. அந்த ஒட்டடையைக் கல்யாணப் பேச்சுக்குப் போனபோதே படிக்கல்லார் பார்த்திருக்கிறார். அதற்கு இப்போது பென்ஷன் வாங்கும் வயது.

அவர் பேத்தியை இதுவரை போன் திரையில்தான் பார்த்திருந்தார். திரையில் எடை தெரியாது. குழந்தை வந்ததும் நிறுத்துப் பார்ப்பதற்காக ஒரு தராசைத் தொட்டில்போலத் துணி கட்டித் தயாராக வைத்திருந்தார்.

தராசு என்றால் அவருக்கு உயிர். எடை அளவுத் துறையில் முப்பத்தாறு வருடம் ஆய்வாளர். படிக்கல், அதாவது எடைக்கல், என்பது கடைக்காரர்கள் வைத்த பெயர். ஓய்வுபெற்ற அன்று மரியாதைக்காக ‘ஆர்’ சேர்த்துக்கொண்டார்கள். எந்தக் கருவியையும் துடைக்காமல் சோதித்ததில்லை என்பது அவர் பெருமை. சட்டைப் பையில் ஒரு சின்னப் புட்டி ஸ்பிரிட்டும் மடித்த வெள்ளைத் துணியும் இல்லாமல் அவர் கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை, தன்னுடையதற்கும்தான். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில், அந்த வாசனைதான் கணவன் என்று மனைவியின் மூக்கு பழகிவிட்டது.

அப்படித் துடைக்கும்போதுதான் முப்பது வருடத்துக்கு முன்னால் தெருமுனை மளிகைக்கடைக்காரரின் தராசுத் தட்டுக்கு அடியில் மெழுகு உருண்டை ஒன்றைக் கண்டுபிடித்தார். அதைச் சீல் வைத்துக் கோர்ட்டுக்கு அனுப்பினார். அந்த வருட வெயிலில் சாட்சியம் உருகி ஃபைலோடு ஒட்டிக்கொண்டது. ஃபைலைத் திறக்க முடியாத நீதிபதி, இவ்வளவு ஒட்டினால் உண்மையாகத்தான் இருக்கும் என்று அபராதம் போட்டார். இதை அவர் இதுவரை எல்லோரிடமும் சொல்லிவிட்டார். கேட்காதவள் பேத்தி ஒருத்திதான்.

மோப்பப் பெட்டியோடு ஒரு கையேடும் வந்திருந்தது. முப்பத்தாறு வருடம் கருவிகளோடு குடும்பம் நடத்தியவர் கையேடு படிப்பாரா? ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் அதைச் செருகினார். அதனால் மேஜைக்காவது பயன் கிடைத்தது.

மகள் வர ஆறு நாள் இருந்தது.

முதல் சந்தேகம் புது அலமாரிமேல் விழுந்தது. குழந்தைத் துணி வைப்பதற்கென்று அவரே வாங்கியது. மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை. கதவைத் திறந்தால் கண் கரிக்கும். கணவனும் மனைவியுமாக அதைப் பின்கட்டுக்கு நகர்த்தினார்கள். வாசல்நிலையில் சிக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் அலமாரி உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அந்த ஒரு மணி நேரமும் மனைவி பின்கட்டில் மாட்டிக்கொண்டு, தன் பிறந்த வீட்டுக்கு வந்த மற்ற வரன்களைப் பற்றி உரக்க நினைவுகூர்ந்தாள்.

அலமாரி போயிற்று. படிக்கல்லார் வழக்கப்படி பெட்டியைத் துடைத்து நடுக்கூடத்தில் வைத்தார். ஆயிரத்துப் பத்து.

“அலமாரியை வெளிய போட்டதுல பெட்டிக்கு வருத்தம் போலிருக்கு” என்றாள் மனைவி. “பேசாம ஜன்னலைத் திறந்து விடுங்க.”

“ஜன்னலைத் திறந்து வெச்சுப் பாக்கறது சோதனையே இல்ல. அது கடைக்காரன் தட்டுல கையை வெச்சுக்கிட்டு எடை போடற மாதிரி.”

மனைவி மேற்கொண்டு பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் அது சம்மதம் அல்ல, சேமிப்பு.

இரண்டாம் நாள் வீட்டைச் சோதனை போட்டார். அந்துருண்டை, கொசு மருந்து, நகப்பூச்சு, காலணிப் பாலிஷ், கழிவறைக்கு மலர் வாசனை தரும் தகர டப்பா, தரை துடைக்கும் பச்சைத் திரவம் எல்லாம் அகப்பட்டன. பழைய பழக்கம் விடுமா? பறிமுதல் பட்டியல் எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி மனைவியிடம் நீட்டினார். அவள் நிதானமாகப் படித்துப் பார்த்து, கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: ‘ஓய்வுபெற்ற அதிகாரி - ஒன்று.’ பிறகு கையெழுத்துப் போட்டாள்.

எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பின்கட்டில் வைத்தார்கள். ஆயிரத்து நூற்றெண்பது.

கருவியில் தூசி இருக்குமோ என்று சந்தேகம். பெட்டியின் முகப்பில் சல்லடைபோல் சின்னச் சின்ன ஓட்டைகள். துணியின் முனையைத் திரித்து ஒவ்வோர் ஓட்டையாகச் சுத்தம் செய்தார். கருவி பளபளத்தது. ஆயிரத்து முந்நூறு. சுத்தமான கருவி உண்மையைச் சொல்லுகிறது, வீடு அவ்வளவு மோசம் என்று தீர்மானித்தார்.

மிச்சம் இருந்தது சுவர். மூன்றாம் நாள் சுவரைச் சோப்புப் போட்டுக் கழுவினார். இருபது வருடமாக யாரையும் தொந்தரவு செய்யாமல் இருந்த பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, கூடம் தேமல் வந்த முதுகுபோல் ஆயிற்று. பெயிண்டரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

“வாசனையே இல்லாத பெயிண்ட்தானே?” என்று படிக்கல்லார் மூன்று தடவை கேட்டார்.

“வாசனையே கிடையாது ஐயா. பெயிண்ட் வாசனை மட்டும்தான் வரும்” என்றார் பெயிண்டர்.

நான்காம் நாள், ஆயிரத்து எழுநூறு. சம்பந்தி அன்றைய படத்தை அனுப்பியிருந்தார்: நூற்றுப் பதினைந்து. கூடவே, ‘நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை’ என்று ஒரு வரி. அதைத் தற்பெருமை என்று படிக்கல்லார் எடுத்துக்கொண்டார்.

ஒப்பிட்டுப் பார்க்காமல் அளவு ஏது? ஐந்தாம் நாள் காலையில் பெட்டியோடு தெருவுக்கு வந்தார். மளிகைக்கடைக்கு எதிரே நின்று, துணியை எடுத்து, முறைப்படி துடைத்து, கையை நீட்டிப் பிடித்தார். கடைக்குள்ளிருந்து கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவிலும் சிவப்பு. தன் வீட்டுக் காற்று கசிந்து ஊரையே கெடுக்கிறது என்று தெரிந்து படிக்கல்லாருக்கு உடம்பு கூசியது. அக்கம்பக்கத்தார் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு விறுவிறுவென்று பூங்காவுக்கு நடந்தார். அங்கே ஆள் இல்லாத புல்வெளியின் நடுவில் நின்று துடைத்துப் பார்த்தார். சிவப்பு.

ஆகவே நஞ்சு சட்டையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. சட்டையைக் கழற்றினார். பனியனோடு பார்த்தார். சிவப்பு. பனியனையும் கழற்றினார். அந்தப் பக்கம் நடைப்பயிற்சிக்கு வந்த இரண்டு பெண்மணிகள் பாதையை மாற்றிக்கொண்டார்கள். வெற்று மேனியுமாகக் கையில் பெட்டியுமாக நின்றபோது படிக்கல்லாருக்கே ஒன்று தோன்றியது. பணியில் இருந்தபோது தன்னைக் கண்டு ஆட்கள் ஓடினார்கள். ஓய்வுபெற்ற பிறகும் ஓடுகிறார்கள். அந்த அளவில் செல்வாக்கு குறையவில்லை.

கடைசி நாள். பெட்டியும் வீடும் மட்டும் மிஞ்சட்டும் என்று முடிவு செய்தார். கட்டில், மெத்தை, சோபா, திரைச்சீலை, கால் ஆடும் மேஜை எல்லாம் தெருவுக்கு வந்தன. அலமாரியையும் பின்கட்டிலிருந்து வாசலுக்குக் கொண்டுவந்தாயிற்று. இந்தத் தடவை சிக்காமல் வந்தது, பழகிவிட்டதல்லவா. சோபாவின் நடுவில் மனைவி உட்கார்ந்து, தெருவில் போகிறவர்கள் விசாரித்ததற்கெல்லாம், “அவரு உள்ள இருக்காரு” என்று மட்டும் பதில் சொன்னாள். கேட்டவர்கள் அனுதாபத்தோடு நகர்ந்தார்கள்.

மளிகைக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வேகமாக வந்தார். “வீட்டைக் காலி பண்றீங்களோன்னு நெனச்சேன் ஐயா” என்றார். குரலில் இருந்த வருத்தத்தை எடை பார்த்தால் அரைக் கிராம் தேறாது.

அந்த நேரத்தில் டாக்ஸி வந்து நின்றது. கண்ணாடி நான்கு விரற்கடை இறங்கியது. உள்ளே மகள், மடியில் ஒரு மஞ்சள் தொப்பி. தொப்பிக்குக் கீழிருந்து இரண்டு கண்கள் படிக்கல்லாரை, ஓர் ஆய்வாளர் தராசைப் பார்ப்பதுபோல், உற்றுப் பார்த்தன.

“என்னப்பா, வீட்டையே கவுத்துப் போட்டிருக்கீங்க?” என்றாள் மகள். “சரி, ஒரு தடவை பாருங்க. பச்சைன்னா இறங்கறேன். இல்லேன்னா என்னைத் தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பா அன்னிக்கு மூச்சுக்குத் தவிச்சதை நான் பக்கத்துல இருந்து பார்த்தவ.”

படிக்கல்லார் வெறும் கூடத்தில் போய் நின்றார். செருமினால் எதிரொலித்தது. முப்பத்தாறு வருடத்தில் எந்தக் கருவியிடமும் அவர் கெஞ்சியதில்லை. இன்று மனசுக்குள் கெஞ்சினார். புட்டியைத் திறந்து துணியைச் சொட்டச் சொட்ட நனைத்து, பெட்டியை மேலும் கீழும் பக்கவாட்டிலும், ஓட்டை ஓட்டையாகவும், ஒன்றுக்கு மூன்று தடவை துடைத்தார். வாசற்படியில் நின்ற கடைக்காரர் பெட்டியைப் பார்க்கவில்லை. படிக்கல்லாரின் கையைத்தான் பார்த்தார். தட்டை விட்டுவிட்டுக் கையைக் கவனிப்பது அவர் தொழில் பழக்கம்.

இரண்டாயிரம். அதற்குமேல் பெட்டியில் எண் இல்லை. சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

படிக்கல்லார் வெளியே வந்தார். பெட்டியை மறைக்கவில்லை, எண்ணை மறைக்கிற ஆள் அவர் இல்லை. மகளிடம் நீட்டிக் காட்டினார்.

“கெட்ட வீடும்மா. அதுல முப்பது வருஷமா நான் இருந்திருக்கேன், தெரியல. போயிட்டு வா. பாப்பா எடை எவ்வளவுன்னு சம்பந்தி வீட்டுல யாரையாவது சரியா பாத்துச் சொல்லச் சொல்லு. தராசை மட்டும் முதல்ல துடைக்கச் சொல்லு.”

மகள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். டாக்ஸி உறுமியது. மளிகைக்கடைக்காரர் காருக்குக் குறுக்கே வந்து ஒரு கையால் நிறுத்தினார். மறு கையால் படிக்கல்லாரின் விரல்களிலிருந்து அந்த ஈரத் துணியை எடுத்தார். தன் மூக்கருகே கொண்டுபோனார். முப்பது வருடம் காத்திருந்த மனிதர் அவசரப்படவில்லை.

“ஐயா, தட்டுக்கு அடியில மெழுகு ஒட்டினேன்னு என்னைக் கோர்ட்டுக்கு இழுத்தீங்க, இப்ப நீங்களே, மோந்து பாக்கற பெட்டியோட மூக்குலயே ஸ்பிரிட்டைத் தடவித் தடவி, வீடு நாறுது தெரு நாறுதுன்னு அலையறீங்களே, இதுக்கு அபராதம் யாருங்க போடறது?”